திருவொற்றியூர் புல்லட்டும் அதன் பிடிவாதக்காரர்களும்

(எம்.கே.பி. நகரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வடசென்னையில் செய்யப்பட்டு நாடெங்கும் போன பொருள்கள் ஏராளம். எண்ணூரிலிருந்து அசோக் லேலண்ட் லாரி போனது. திருவொற்றியூரில் 1946இல் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். பிறகு டயருக்கு வந்தது. விம்கோ தீப்பெட்டியும் கார்போரண்டம் சாணைக்கல்லும் இதே வட்டாரத்தில் பிறந்தவைதான். டயரின் பூ வேலைப்பாடு மாறியதற்காக யாரும் கம்பெனியோடு சண்டைக்குப் போனதில்லை. லாரியின் முகப்பு மாறியதை நினைத்து யாரும் தூக்கம் கெட்டதில்லை. ஆனால் திருவொற்றியூரில் செய்த ஒரு வண்டியின் கியர் லிவர் வலது காலிலிருந்து இடது காலுக்குப் போனபோது, ஐம்பது வயது மனிதர்கள் தங்கள் வீட்டுச் சொத்தில் யாரோ கை வைத்துவிட்டதாக உணர்ந்தார்கள். அந்த வண்டி புல்லட். அந்த மனிதர்களின் கோபத்தில் எவ்வளவு நியாயம், எவ்வளவு பழக்கத்தின் பிடிவாதம் என்று பார்ப்பதே இந்தப் பேச்சு.

முதலில் வண்டி வந்த வழி. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் 1901இல் முதல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் வெளிவந்தது. துப்பாக்கி உதிரி பாகம் செய்த தொடர்பினால் வந்த பெயர் அது. புல்லட் என்ற மாடல் பெயர் 1930களின் தொடக்கத்தில் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு எல்லைப் பகுதியில் ஓட்டுவதற்கு இந்திய ராணுவத்துக்கு உறுதியான வண்டி தேவைப்பட்டது. மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்திலிருந்து புல்லட்டுகளைத் தருவித்தது. 1955இல் என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. ஆரம்பத்தில் கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டினார்கள். சில ஆண்டுகளில் பாகங்களையும் இங்கேயே வார்த்தார்கள், கடைந்தார்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் விசித்திரம். 1967இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் மிச்சமிருந்த உற்பத்தியும் நின்றது. தாய்க் கம்பெனி போய்விட்டது, திருவொற்றியூர் நிற்கவில்லை. 1977இல் இங்கே செய்த புல்லட்டுகள் இங்கிலாந்துக்கே கப்பலேறின. தங்கள் ஊர் கைவிட்ட வண்டியை அந்த ஊர்க்காரர்கள் சென்னைத் துறைமுகத்திலிருந்து வாங்கி ஓட்டினார்கள். உலகில் தொடர்ந்து நீண்ட காலம் உற்பத்தியில் இருக்கும் மோட்டார் சைக்கிள் என்று புல்லட்டைச் சொல்வார்களே, அந்தப் பெருமையைத் தாங்கியது திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஷிப்டு மாறி மாறி நடந்த ஆட்களின் உழைப்பு.

மாறாமல் இருந்தது என்றால் எந்த அளவுக்கு? 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி. இரும்பில் வார்த்த சிலிண்டர். இன்ஜின் தனி, கியர்பாக்ஸ் தனி. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். மேலே ஒரு கியர், கீழே மூன்று. குதிகாலால் தட்டினால் நியூட்ரல் விழுவதற்கென்று தனியே ஒரு குட்டி லிவர். ஹெட்லைட்டின் இருபுறமும் இரண்டு சின்ன விளக்குகள். பெட்ரோல் டாங்கில் தூரிகையால் கையாலேயே இழுத்த தங்கக் கோடு. தாத்தா வண்டியின் பாகம் பேரன் வண்டிக்குப் பொருந்தும் என்று பேச்சுவழக்கில் சொல்வது பெரும்பாலும் உண்மையாகவே இருந்தது.

அந்த வண்டியைக் கிளப்புவதற்கு ஒரு முறை உண்டு. சாவியைத் திருப்பியதும் ஹெட்லைட் மேலே இருக்கும் ஆம்பியர் மீட்டரின் முள்ளைப் பார்க்க வேண்டும். கிக்கரை மெல்ல அழுத்த அழுத்த முள் ஒரு பக்கம் சாயும், பிறகு நடுவுக்கு வரும். முள் நடுவில் நின்றால் பிளாட்டினம் பாயின்ட் திறந்திருக்கிறது, பிஸ்டன் உச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். இப்போது டீகம்ப்ரசர் லிவரை இழுத்துக்கொண்டு கிக்கரை இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டும். லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழு எடையையும் வைத்து ஒரே மிதி. சரியாகச் செய்தால் முதல் மிதியில் பிடித்துக்கொள்ளும். அவசரப்பட்டால் கிக்கர் ரிவர்ஸ் அடிக்கும். கணுக்காலில் அதன் தழும்பைச் சுமப்பவர்கள் இந்த வட்டாரத்திலேயே இருக்கிறார்கள்.

கவனித்தால் ஒன்று புரியும். இந்த முறையைக் கற்றவருக்கு, மூடிய இன்ஜினுக்குள் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று வெளியிலிருந்தே தெரியும். ஐ.டி.ஐ. வாசலை மிதிக்காதவர்களுக்கும் இந்த வண்டி இன்ஜின் பாடம் நடத்தியது. அதனால்தான் புல்லட் வைத்திருந்த காவல்துறை எஸ்.ஐ., துறைமுகத்துத் தொழிலாளி, மளிகை மொத்த வியாபாரி எல்லோரும் ஓரளவுக்கு மெக்கானிக்காகவும் இருந்தார்கள். ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் வைக்கும்போது அவர்கள் மரியாதை செய்தது தங்கள் கைக்கு அடங்கிய ஒரு இயந்திரத்துக்கு.

பழைய புல்லட்காரர்கள் எந்தப் புதுமையையும் ஏற்காதவர்கள் என்று சொல்வதுண்டு. அது சரியல்ல. பெட்ரோல் விலை ஏறிய காலத்தில் பம்ப்செட்டுக்குப் போடும் சின்ன டீசல் இன்ஜினை புல்லட் சட்டத்தில் ஏற்றிய மெக்கானிக்குகள் இந்தியாவில் உண்டு. கம்பெனியே பிறகு 325 சிசி டீசல் புல்லட்டை விற்றது. ஏழு குதிரைத்திறன்கூட இல்லாத அந்த வண்டியை மைலேஜுக்காக மக்கள் மகிழ்ச்சியோடு வாங்கினார்கள். டீசல் இன்ஜினைவிடப் பெரிய மாற்றம் வேறென்ன இருக்க முடியும்? அதை யாரும் துரோகம் என்று சொல்லவில்லை. ஏனென்றால் அதன் வேலை என்ன என்பது கண்ணுக்குத் தெரிந்தது, கெட்டால் உள்ளூரில் சரிசெய்யவும் முடிந்தது.

அதே கம்பெனி 1980களில் ஜெர்மனியின் சுண்டாப் தொழில்நுட்பத்தை வாங்கி ஃப்யூரி 175 என்ற வண்டியைக் கொண்டுவந்தது. முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக், ஐந்து கியர். அந்தக் காலத்து இந்தியச் சாலைக்கு அது பத்து ஆண்டு முந்திய வண்டி. சந்தையில் ஓடவில்லை. இன்ட் சுசுகியும் ஹீரோ ஹோண்டாவும் யமஹா ஆர்.எக்ஸ்.100ம் வந்து இறங்கிய நேரம் அது. 100 சிசி வண்டிகள் லேசாக, சிக்கனமாக, எண்ணெய் ஒழுகாமல் ஓடின. புல்லட்டின் விற்பனை சுருங்கத் தொடங்கியது.

1994இல் ஐஷர் குழுமம் என்ஃபீல்டு இந்தியாவை எடுத்துக்கொண்டது. ஆறு ஆண்டு கழித்தும் நிலைமை தேறவில்லை. மாதம் இரண்டாயிரம் வண்டி விற்பதே பெரும்பாடாக இருந்தது. இந்தத் தொழிலை விற்றுவிடலாமா, மூடிவிடலாமா என்ற பேச்சு இயக்குநர்களிடையே எழுந்தது. 2000இல் கம்பெனியின் தலைமைப் பொறுப்பேற்ற சித்தார்த்த லால் அப்போது முப்பது வயதைத் தொடாதவர். ராஜஸ்தானில் திறந்த ஜெய்ப்பூர் ஆலையை மூடிவிட்டு, கவனத்தை சென்னைக்குத் திருப்பினார். பழைய வாடிக்கையாளரை இழக்காமல் புதியவரைப் பிடிப்பது எப்படி என்ற கேள்வி அவர் மேசைக்கு வந்தது.

இங்கேதான் சண்டை தொடங்குகிறது. ஆஸ்திரியாவின் ஏ.வி.எல். நிறுவனத்தின் உதவியோடு அலுமினிய இன்ஜின் வந்தது. 2002இல் தண்டர்பேர்ட் வந்தது. செல்ஃப் ஸ்டார்ட் வந்தது. கியர் இடது காலுக்கு நகர்ந்தது. 2008, 2009இல் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் அமைந்த யு.சி.இ. இன்ஜின் வந்தது. மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதால் 2010 வாக்கில் இரும்பு வார்ப்பு சிலிண்டர் விடைபெற்றது. ஒவ்வொரு படியிலும் பழைய ரசிகர்களின் குறை ஒன்றே: சத்தம் போச்சு, அதிர்வு போச்சு, இது புல்லட்டே இல்லை.

இந்தக் குறைகளை ஒரே மூட்டையாகக் கட்டிப் பார்க்கக் கூடாது. பழைய அம்சங்களில் சிலவற்றைக் கைவிட்டது நல்லதே.

கியர் விஷயத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டில் அப்பாவுக்கு ஒரு புல்லட், மகனுக்கு ஒரு ஹீரோ ஹோண்டா. அவசரத்துக்கு வண்டி மாற்றி ஓட்டும்போது, எதிரே குழந்தை ஓடிவந்தால் வலது கால் தானாக பிரேக்கைத் தேடும். பழைய புல்லட்டில் அந்த இடத்தில் இருப்பது கியர் லிவர். நாட்டிலுள்ள மற்ற எல்லா வண்டிகளும் ஒரு பக்கம், புல்லட் மட்டும் மறுபக்கம் என்பது உயிரோடு விளையாடுவது. பாரம்பரியத்தின் பெயரால் அதைக் காக்க முடியாது. முன்சக்கரத்து டிரம் பிரேக்கும் அப்படித்தான். 160 கிலோவுக்கு மேல் கனமுள்ள வண்டியை நிறுத்த அது போதாது என்பது எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் போன ஒவ்வொருவருக்கும் தெரியும். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயமானது. அது வந்தது மிகத் தாமதம் என்றுதான் சொல்ல வேண்டும்.

செல்ஃப் ஸ்டார்ட்டையும் பழிக்கக் கூடாது. கிக்கர் மட்டும் இருந்த காலத்தில் புல்லட் ஓட்டுவது உடல் வலுவுள்ள ஆண்களின் உரிமையாக இருந்தது. முழங்கால் வலி வந்தவர் விற்றுவிட வேண்டியதுதான். உடல் எடை குறைந்த பெண் கனவிலும் நினைக்க முடியாது. ஒரு பொத்தான் வந்ததும் அந்தக் கதவு திறந்தது. இன்று பெண்கள் இந்த வண்டிகளில் லடாக் வரை போய்வருகிறார்கள். கிக்கர் போன வருத்தத்தைப் பேசும்போது இந்த வரவையும் கணக்கில் எழுத வேண்டும்.

புகை விதிகளைப் பற்றியோ, எம்.கே.பி. நகருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பக்கத்திலே கொடுங்கையூர் குப்பைமேடு. வடக்கே மணலி சுத்திகரிப்பு ஆலை. அதற்கும் அப்பால் எண்ணூர் அனல் மின் நிலையங்கள். காற்றில் என்ன கலந்தால் பிள்ளைகளுக்கு மூச்சு வாங்கும் என்பதை நேரில் அறிந்த ஊர் இது. 2017இல் பி.எஸ். 4, 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்று விதிகள் இறுகியபோது பழைய இன்ஜின்கள் போனதை நாம் எதிர்க்க முடியாது.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நள்ளிரவில் தெருவையே எழுப்பும் சைலன்சரை மாட்டிக்கொண்டு, இதுதான் புல்லட்டின் குரல் என்று சில இளைஞர்கள் நினைக்கிறார்கள். அது அறியாமை. தொழிற்சாலையிலிருந்து வந்த பழைய புல்லட்டின் நீண்ட சைலன்சர் ஒலியை மென்மையாக்கியே வெளியே விட்டது. பிஸ்டன் நீளமாகப் பயணிக்கும் இன்ஜின், கனமான ஃப்ளைவீல், மிகக் குறைந்த ஐடிலிங் ஆகியவை சேர்ந்து, ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையில் எண்ணிப் பார்க்கும் அளவு இடைவெளி விட்டன. அந்த இடைவெளிதான் அதன் அழகு. உள்ளே அடைப்பில்லாத குழாயை மாட்டி அலறவிடுபவர்கள் பழமையைக் காப்பவர்கள் அல்லர். மோட்டார் வாகனச் சட்டப்படியும் அது குற்றம்.

கம்பெனி மாற்றுவதும் ரசிகர்கள் முரண்டுவதும் நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல. 1968இல் இங்கிலாந்தின் டிரையம்ஃப் நிறுவனம் ட்ரைடென்ட் என்ற மூன்று சிலிண்டர் வண்டியை வெளியிட்டது. ஓகிள் என்ற வெளி வடிவமைப்பு நிறுவனம் அதற்குச் சதுரமான டாங்கும் புதுமாதிரி சைலன்சரும் வரைந்தது. அமெரிக்காவில் அது விற்கவில்லை. கடைசியில் பழைய வடிவ டாங்கையும் மற்ற சாமான்களையும் தனித் தொகுப்பாக அனுப்பி, விற்பனையாளர்கள் மாற்றிக்கொள்ளும்படி விட்டார்கள். பி.எம்.டபிள்யூ. 1983இல் கே 100 என்ற தண்ணீர் குளிர்விப்பு வண்டியைக் கொண்டுவந்து, இருபுறமும் சிலிண்டர் நீட்டிய தன் பழைய பாக்சர் வகையை மெல்ல ஓய்வு பெறச் செய்ய நினைத்தது. வாங்குவோர் விடவில்லை. பாக்சர் திரும்பி வந்தது, இன்றும் அந்நிறுவனத்தின் முகமாக இருக்கிறது. ஹார்லி டேவிட்சன் 2001இல் போர்ஷேவுடன் சேர்ந்து உருவாக்கிய வி-ராட் நல்ல இன்ஜின் என்று புகழ் பெற்றும், பழைய ஹார்லிக்காரர்களின் மனத்தில் இடம்பிடிக்கவில்லை.

ராயல் என்ஃபீல்டு இதில் சாமர்த்தியமாக நடந்துகொண்டது. 2009இல் வந்த கிளாசிக்கைப் பாருங்கள். உள்ளே முழுக்கப் புதிய இன்ஜின். வெளியே போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் வண்டியின் சாயல்: ஸ்பிரிங் வைத்த தனி சீட்டு, உருண்ட டாங்க், அந்த இரண்டு குட்டி விளக்குகள். ஓராண்டில் சுமார் ஐம்பதாயிரம் வண்டி விற்ற கம்பெனி 2014இல் மூன்று லட்சத்தைத் தாண்டியது. 2013இல் ஒரகடத்திலும் பிறகு வல்லம் வடகாலிலும் புதிய ஆலைகள் எழுந்தன. உற்பத்தியின் பெரும்பகுதி தெற்கே போனது. 2024–25 நிதியாண்டில் விற்பனை பத்து லட்சத்தைக் கடந்தது. இந்தக் கணக்கைப் பார்த்தால் பழைய ரசிகரின் முணுமுணுப்பைக் கம்பெனி பொருட்படுத்த வேண்டிய அவசியமே இல்லை.

ஆனாலும் பொருட்படுத்தியிருக்கிறது, ஒரு பகுதியை மட்டும். 2020இல் மீட்டியோருடன் வந்த 349 சிசி ஜே வரிசை இன்ஜினை எடுத்துக்கொள்வோம். அதில் 72 மில்லிமீட்டர் போர், 85.8 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். இன்னும் நீண்ட ஸ்ட்ரோக்தான், தட்டின் தாளம் முற்றிலும் கைவிடப்படவில்லை. அதிர்வை அடக்க பேலன்சர் தண்டு சேர்த்தார்கள். 2021இல் கிளாசிக்கும் 2023 செப்டம்பரில் புல்லட்டும் அந்த இன்ஜினுக்கு மாறின. கையால் இழுத்த தங்கக் கோடு மட்டும் புல்லட் டாங்கில் நின்றது. கண்ணுக்கும் காதுக்கும் கம்பெனி செவிசாய்த்தது என்று நியாயமாகவே சொல்லலாம்.

கைக்குச் செவிசாய்க்கவில்லை. ரசிகர்களின் எதிர்ப்பில் மிக உண்மையான பகுதி இதுதான். ஆனால் சத்தம், அதிர்வு என்ற பேச்சின் அடியில் அது மறைந்துபோனது.

பழைய புல்லட்டின் மெக்கானிக்குக்கு வேண்டியது சில ஸ்பேனர், ஒரு ஃபீலர் கேஜ், நல்ல காது. பிளாட்டினம் தேய்ந்ததா, கண்டென்சர் போனதா, டாப்பெட் இறுகியதா என்று தெருவோரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். பாகம் கிடைக்காவிட்டால் வியாசர்பாடி தொழிற்பேட்டையில் லேத் வைத்திருப்பவர் கடைந்து தருவார். இல்லையென்றால் புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கும். ஒரு தொழிற்சாலையைச் சுற்றி இப்படி ஒரு கைத்தொழில் உலகமே வளர்ந்தது. அதில் வேலை பழகிய பையன்கள் பின்னால் சொந்தமாக ஒர்க்‌ஷாப் போட்டார்கள்.

யு.சி.இ. வந்ததும் டாப்பெட் செட்டிங் என்ற வேலையே இல்லாமல் போனது. அது ஓட்டுபவருக்கு லாபம்தான். 2020இல் 350 சிசி வண்டிகளிலும் கார்ப்ரேட்டர் போய் எலக்ட்ரானிக் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்தது. ஜே வரிசை கிளாசிக்கில் கிக்கரும் போனது. பேட்டரி இறங்கினால் தள்ளித்தான் பார்க்க வேண்டும். ஒரு சென்சார் கெட்டால் டயலில் விளக்கு எரியும். என்ன கெட்டது என்று கேட்க ஸ்கேனர் வேண்டும். ஸ்கேனர் சர்வீஸ் சென்டரில் இருக்கும். முப்பது ஆண்டு அனுபவமுள்ள மெக்கானிக், தன் எதிரே நிற்கும் வண்டிக்கு என்ன நோய் என்று தெரியாமல் நிற்க நேர்கிறது. 2023 நவம்பரில் வந்த புதிய ஹிமாலயன், தண்ணீர் குளிர்விப்பும் நாற்பது குதிரைத்திறனும் கொண்ட அருமையான வண்டி. ஆனால் 2016இல் வந்த பழைய ஹிமாலயனை மலைக்குக் கொண்டுபோனவர்கள் ஏங்குவது அதன் எளிமையை நினைத்துத்தான். மணாலிக்கு அப்பால் நின்றுபோனால், கையிலிருக்கும் கருவிப்பையை வைத்து ஏதாவது செய்ய முடியுமா என்பதே அவர்கள் கேள்வி.

இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகப் போகிறது. 2024 நவம்பரில் மிலான் கண்காட்சியில் ராயல் என்ஃபீல்டு தன் மின்சார வண்டியைக் காட்டியது. இரண்டாம் உலகப் போரில் பாராசூட்டில் கட்டி இறக்கிய 125 சிசி வண்டியின் பெயரான ஃப்ளையிங் ஃப்ளீயையே அதற்கும் சூட்டினார்கள். இன்ஜினே இல்லாத வண்டியில் புல்லட்டின் தட்டு கேட்காது. அதைச் சொல்லிப் புலம்புவோர் நிச்சயம் வருவார்கள். ஒலிக்காக நடத்தும் அந்தப் போர் தோற்கும், தோற்பதில் தவறும் இல்லை. அதன் பேட்டரியையும் கன்ட்ரோலரையும் திறந்து பார்க்க வெளி மெக்கானிக்குக்கு அனுமதி உண்டா என்று கேட்பதே வெல்ல வேண்டிய போர்.

அதற்கு இன்று ஒரு பிடிமானமும் இருக்கிறது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று 2022 டிசம்பரில் ஓர் இணைய வாயிலைத் திறந்தது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் மோட்டார் வாகனமும் ஒன்று. கையேடு, உதிரி பாகம், வெளி ஒர்க்‌ஷாப்பில் பழுதுபார்க்கும் வழி ஆகியவற்றைக் கம்பெனிகள் மக்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். இன்னும் அது சட்டத்தின் வலுவைப் பெறவில்லை.

ஆகவே புல்லட் ரசிகர் மன்றங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிறு காலை ஈ.சி.ஆரில் ஒன்றாகப் போகும்போது சத்தம் போச்சே என்று வருந்தும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள். இரும்பு வார்ப்பு வண்டிகளுக்கும் யு.சி.இ. வண்டிகளுக்கும் தரமான பாகங்களை இன்னும் எத்தனை ஆண்டு தருவீர்கள் என்று கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். ஒர்க்‌ஷாப் கையேட்டைத் தமிழில் வெளியிடச் சொல்லுங்கள். ஸ்கேனரை நியாயமான விலைக்கு வெளி மெக்கானிக்குகளுக்கு விற்கச் சொல்லுங்கள். வடசென்னை ஐ.டி.ஐ. மாணவர்களுக்கு ஃப்யூயல் இன்ஜெக்ஷன் பயிற்சி தர அந்தக் கம்பெனியை விடப் பொருத்தமானவர் யார்? இத்தனை ஆண்டு இந்த வண்டியைத் தாங்கிய திருவொற்றியூரிலேயே, பழைய இன்ஜின்களையும் வரைபடங்களையும் அங்கே வேலை செய்தவர்களின் நினைவுகளையும் வைத்து ஓர் அருங்காட்சியகம் அமைக்கச் சொல்லுங்கள். ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் பலர் இன்னும் இந்தத் தெருக்களில்தான் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதிவைக்கும் வேலையை, கம்பெனிக்காகக் காத்திராமல், இந்த மாதமே நாம் தொடங்கலாம்.